வலி நின்றால் நோய் நின்றதா?

மட்டாஞ்சேரி கடைத்தெருவில் கால் வைத்ததும் மிளகு, சுக்கு, ஏலம், கிராம்பு எல்லாம் கலந்த வாசனை மூக்கில் ஏறும். கொச்சியின் இந்தப் பழைய பகுதி பல தலைமுறைகளாக நறுமணப் பொருள்களின் சந்தை. மலையாளம், கொங்கணி, குஜராத்தி, தமிழ் என்று தெருவுக்குத் தெரு மொழி மாறும். ஆனால் எல்லா வீட்டுக்கும் பொதுவான கைவைத்தியம் ஒன்று உண்டு. பல் வலித்தால் ஒரு கிராம்பை எடுத்து வலிக்கும் இடத்தில் வைத்துக் கடித்துக்கொள்வது.

வலி குறையவும் செய்கிறது. கிராம்பு எண்ணெயில் பெரும்பங்கு யூஜினால் என்ற பொருள். நரம்பை மரத்துப்போகச் செய்யும் தன்மை அதற்கு உண்டு. பல் மருத்துவர்களே துத்தநாக ஆக்சைடு பொடியுடன் யூஜினாலைக் குழைத்துச் சொத்தைப் பல்லைத் தற்காலிகமாக அடைக்கிறார்கள். ஆகவே பாட்டி வைத்தியத்தில் தவறில்லை. வலி நின்றதும் எல்லாம் சரியாகிவிட்டதாக நினைத்து மருத்துவரிடம் போகாமல் விடுவதில்தான் தவறு.

வாயைப் பொறுத்தவரை வலியை நம்பி எந்த முடிவுக்கும் வர முடியாது. உயிர் போகிற மாதிரி வலிக்கும் பல், பல நேரங்களில் அரை மணி நேரத்தில் தீர்க்கக்கூடிய சங்கதி. துளியும் வலிக்காத ஒரு வெள்ளைத் திட்டு, கவனிக்காமல் விட்டால் தாடையையே பறித்துவிடலாம். வாய் அறுவைச் சிகிச்சை என்றதும் பலரும் பயப்படுகிறார்கள். உண்மையில் அவற்றில் பெரும்பாலானவை நேரத்தோடு செய்தால் சிறியவை, தள்ளிப்போட்டால் பெரியவை. எந்தச் சிகிச்சை யாருக்கு, எதற்காக என்று தெரிந்துவிட்டால் பாதி பயம் போய்விடும்.

பல்லைப் பிடுங்குவது

அதிகமாகச் செய்யப்படும் வாய் அறுவைச் சிகிச்சை இதுதான். சொத்தை முதலில் பல்லின் மேலோடான எனாமலை அரிக்கிறது. அப்போது வலி இருக்காது. அடுத்த அடுக்கை எட்டும்போது ஐஸ்கிரீமும் காபியும் கூசும். பல்லின் நடுவில் நரம்பும் ரத்த நாளங்களும் உள்ள கூழ் போன்ற பகுதியைக் கிருமிகள் தொட்டதும்தான் இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் வலி வருகிறது.

அதன் பிறகு ஒரு நாள் வலி தானாகவே நின்றுபோகும். கிராம்பு குணப்படுத்திவிட்டதாக வீட்டில் பேசிக்கொள்வார்கள். உண்மையில் உள்ளே நரம்பு செத்துவிட்டது, வலியைச் சொல்ல ஆள் இல்லை, அவ்வளவுதான். கிருமிகள் வேரின் நுனி வழியாகத் தாடை எலும்புக்குள் இறங்குவது இந்த அமைதிக் காலத்தில்தான்.

பல்லில் காப்பாற்றும்படியாக மிச்சம் இருந்தால் ரூட் கெனால் எனப்படும் வேர்ச் சிகிச்சை போதும். ஈறுக்குக் கீழே வரை உடைந்து, வேர் மட்டுமே எஞ்சியிருந்தாலோ, ஈறு நோயால் எலும்பு கரைந்து பல் ஆடினாலோ பிடுங்குவதைத் தவிர வழியில்லை. குறடு பிடிக்க இடமில்லாத அளவுக்கு உடைந்த பல்லுக்கு ஈறைச் சிறிது கீறி, எலும்பைக் கொஞ்சம் நீக்கி, வேரை எடுத்துத் தையல் போடுகிறார்கள்.

மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்ற பயம் தமிழ் வீடுகளில் இன்னும் இருக்கிறது. இதற்கு ஆதாரம் இல்லை. பற்களுக்குப் போவது மூளையிலிருந்து வரும் ஐந்தாம் நரம்பின் கிளைகள். பார்வைக்கு உரியது இரண்டாம் நரம்பு. இரண்டும் வேறு வேறு பாதை. இந்தப் பயத்தால் மேல் தாடையில் சீழை வைத்துக்கொண்டு காலம் தள்ளுவதுதான் ஆபத்து.

வலிக்கும் என்ற பயத்துக்கும் இப்போது காரணமில்லை. மயக்க மருந்தின் வரலாற்றில் பல் மருத்துவர்களுக்குத் தனி இடம் உண்டு. 1846 அக்டோபர் 16 அன்று பாஸ்டன் நகரில் ஈதரைக் கொண்டு நோயாளியை மயக்கிக் காட்டிய வில்லியம் மார்ட்டன் ஒரு பல் மருத்துவர். அன்று வலியில்லாமல் அகற்றப்பட்டது தாடைக்குக் கீழே இருந்த ஒரு கட்டி. இன்று பல் மருத்துவமனைகளில் ஊசியாகப் போடும் லிக்னோகெயின், 1943-ல் ஸ்வீடனில் நில்ஸ் லோஃப்கிரென் உருவாக்கியது. ஊசி போட்ட இடத்தில் அழுத்தம் தெரியும், அசைப்பது தெரியும், வலி தெரியாது. ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். சீழ் கோத்து வீங்கிய இடத்தில் இந்த மருந்து சரியாக வேலை செய்யாது. வீங்கும்வரை காத்திருந்து வருபவர்களுக்குத்தான் சிகிச்சை வலிக்கிறது.

சீழை வெளியேற்றுவது

வேரின் நுனியில் சேரும் சீழ் எங்காவது வழி தேடும். ஈறில் கொப்புளமாக உடைந்தால் அதிர்ஷ்டம். உடைந்ததும் வலி குறையும். மறுபடி இது குணமல்ல, அழுத்தம் குறைந்ததன் விளைவு. சீழ் கன்னத்துக்கோ, தாடையின் அடியிலோ பரவினால் முகம் வீங்கும், வாய் திறக்க முடியாது, காய்ச்சல் வரும்.

மருந்துக் கடையில் நான்கு ஆன்டிபயாடிக் மாத்திரை வாங்கி விழுங்கினால் போதாதா? போதாது. மாத்திரை ரத்தத்தோடு போகிறது. சீழ்ப் பைக்குள் ரத்த ஓட்டம் இல்லை. கீறிச் சீழை வெளியேற்றி, காரணமான பல்லைக் கவனித்தால்தான் மருந்து உதவும். வீக்கத்துக்கு வெளியே கன்னத்தில் சூடான ஒத்தடம் கொடுப்பதும் கூடாது. சீழ் தோலை நோக்கி வரவும் பரவவும் அது வழிசெய்துவிடலாம்.

கீழ்க் கடைவாய்ப் பல்லிலிருந்து கிளம்பும் சீழ், நாக்கின் அடியில் இரண்டு பக்கமும் பரவும் ஒரு நிலை உண்டு. ஜெர்மன் மருத்துவர் லுட்விக் 1836-ல் இதை விவரித்தார். அவர் பெயரிலேயே அது இன்றும் வழங்குகிறது. நாக்கு மேலே தள்ளப்பட்டு, மூச்சுக்குழாய் அடைபடும். சில மணி நேரத்தில் உயிர் போகலாம். கழுத்தின் மேல்பகுதி கட்டையாக இறுகி, எச்சில் விழுங்க முடியாமல், பேச்சு குழறினால் மறுநாள் காலை வரை காத்திருக்கக் கூடாது. பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர்களிடம் இத்தகைய தொற்று வேகமாகப் பரவும். சர்க்கரை நோயாளிகள் அதிகம் உள்ள கேரளத்திலும் தமிழகத்திலும் இது முக்கியமான எச்சரிக்கை.

ஞானப்பல்

கடைசிக் கடைவாய்ப் பல் பெரும்பாலும் 17-லிருந்து 25 வயதுக்குள் முளைக்கும். அதற்குள் தாடையில் இடம் தீர்ந்திருக்கும். பல் சாய்ந்து முன்பல்லின் மேல் முட்டிக்கொள்ளும், அல்லது பாதி முளைத்துப் பாதி ஈறுக்குள் புதைந்து நிற்கும். அந்த ஈறு மடிப்புக்குள் சோற்றுப் பருக்கை சிக்கி, வீங்கி, வாய் திறக்க முடியாமல் போகும். ஒரு வாரத்தில் சரியாகும், சில மாதம் கழித்துத் திரும்ப வரும்.

இரண்டு மூன்று முறை இப்படி வந்தாலோ, முட்டும் இடத்தில் முன்பல் சொத்தையானாலோ, பல்லைச் சுற்றி நீர்க்கட்டி உருவானாலோ எடுத்துவிட வேண்டும். ஈறைத் திறந்து, மேலே மூடியிருக்கும் எலும்பை நீக்கி, பல்லை இரண்டு மூன்று துண்டாக வெட்டி எடுத்துத் தையல் போடுவார்கள். துண்டாக்குவது எலும்பை அதிகம் வெட்டாமல் இருப்பதற்காகத்தான். கீழ்த் தாடைக்குள்ளும் அதன் உட்பக்கத்தை ஒட்டியும் ஓடும் நரம்புகள் இந்தப் பல்லுக்கு மிக அருகில் இருக்கும். அதனால் சிலருக்குக் கீழ் உதடோ நாக்கோ சில வாரம் மரத்திருக்கலாம். அரிதாக நிரந்தரமாகவும் நிற்கலாம். எக்ஸ்ரே பார்த்து, இந்த ஆபத்தை நோயாளியிடம் முன்கூட்டியே சொல்லும் மருத்துவர் நல்ல மருத்துவர்.

எல்லா ஞானப்பல்லையும் எடுக்க வேண்டியதில்லை. தொந்தரவும் நோயும் இல்லாத புதைபல்லை எடுக்கத் தேவையில்லை என்று பிரிட்டனின் தேசிய மருத்துவ வழிகாட்டு அமைப்பு 2000-ல் அறிவுறுத்தியது. "எப்படியும் வலிக்கப் போகிறது, இப்போதே எடுத்துவிடலாம்" என்று யாராவது சொன்னால் காரணம் கேட்கும் உரிமை நோயாளிக்கு உண்டு.

பல் எடுத்த குழியில் உறையும் ரத்தம்தான் இயற்கையின் மருந்து. முதல் 24 மணி நேரம் துப்பவும் கொப்பளிக்கவும் கூடாது. உறிஞ்சுகுழல் வேண்டாம். புகை பிடிக்கவே கூடாது. ரத்த உறைவு பெயர்ந்து எலும்பு வெளியே தெரிந்தால், மூன்றாம் நாள் காதுவரை இழுக்கும் வலி வரும். அப்போது மருத்துவர் குழியைக் கழுவி வைக்கும் மருந்துத் துணியில் பெரும்பாலும் இருப்பது அதே யூஜினால்.

எலும்புக்குள் வளரும் கட்டிகள்

செத்த பல்லின் வேரிலும், முளைக்காத பல்லைச் சுற்றியும் நீர்க்கட்டிகள் வளரும். ஆண்டுக்கணக்கில் சத்தமில்லாமல் எலும்பைக் கரைத்துக்கொண்டே போகும். வலி இருக்காது. முகம் ஒரு பக்கம் உப்பியது போல் இருக்கிறதே என்று யாராவது சொல்லும்போதோ, வேறு காரணத்துக்காக எக்ஸ்ரே எடுக்கும்போதோதான் தெரியவரும். சிறியதாக இருந்தால் கட்டியின் உறையைச் சுரண்டி எடுத்துவிட்டால் எலும்பு தானாக நிரம்பும். வேரின் நுனியில் மட்டும் நோய் தங்கியிருந்தால், பல்லை வைத்துக்கொண்டே நுனியை மட்டும் வெட்டி அடைக்கலாம்.

தாடையில் வளரும் எல்லாக் கட்டியும் நீர்க்கட்டி அல்ல. அமிலோபிளாஸ்டோமா என்ற கட்டி பொதுவாக மற்ற உறுப்புகளுக்குப் பரவாது. ஆனால் சுரண்டி விட்டால் திரும்பத் திரும்ப வளரும். அதற்கு எலும்பின் ஒரு பகுதியையே எடுக்க வேண்டிவரும். எடுத்த திசுவைப் பரிசோதனைக்கு அனுப்பாமல் தூக்கி எறிந்துவிடக் கூடாது என்பது அதனால்தான்.

உடைந்த தாடை

இரு சக்கர வாகனம் பெருகிய ஊர்களில் வாய், முகத் தாடை அறுவை மருத்துவருக்கு இரவிலும் வேலை இருக்கிறது. ஹெல்மெட் இல்லாமல், அல்லது வார் மாட்டாமல் ஓட்டி விழுபவர்களின் கீழ்த் தாடையும் கன்ன எலும்பும் உடைகின்றன. மேல் தாடை எந்தெந்தக் கோட்டில் உடையும் என்பதை 1901-ல் பிரெஞ்சு மருத்துவர் ரெனே லெ ஃபோர் வகுத்தார். ஸ்கேன் எடுக்கும் இந்தக் காலத்திலும் மருத்துவர்கள் அந்தப் பிரிவையே பயன்படுத்துகிறார்கள்.

எலும்பு சரியாகச் சேர்ந்ததா என்பதற்கு முகத்தைவிட நம்பகமான அளவுகோல் பற்கள். மேல் பல்லும் கீழ்ப் பல்லும் பழையபடி பொருந்தினால் எலும்பும் பொருந்திவிட்டது என்று அர்த்தம். முன்பு பற்களைக் கம்பியால் கட்டி வாரக்கணக்கில் வாயை மூடி வைப்பார்கள், கஞ்சியும் பழச்சாறும்தான் சாப்பாடு. இப்போது டைட்டானியத் தகடும் திருகும் வைத்துப் பிணைப்பதால் பலருக்கு வாயைச் சீக்கிரமே திறக்க முடிகிறது.

குழந்தைகள் விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை. மாடிப்படியில் தாடை அடிபட விழுந்த குழந்தை அழுது ஓய்ந்து விளையாடப் போய்விடும். மோவாயில் தையல் போட்ட தழும்பு மட்டும் இருக்கும். ஆனால் காதுக்கு முன்னால் உள்ள தாடை மூட்டு உள்ளே நசுங்கியிருக்கலாம். மாதங்கள் கழித்து வாய் திறப்பது குறைந்துகொண்டே போய், எலும்போடு எலும்பு ஒட்டிக்கொள்ளும். வலியே இல்லாததால் யாரும் கவனிப்பதில்லை. கீழ்த் தாடை வளராமல் போவதும், தூக்கத்தில் மூச்சு திணறுவதும் பிறகு வரும் தொல்லைகள். விழுந்த குழந்தை முழுதாக வாய் திறக்கிறதா என்று சில மாதம் பார்த்துவருவது பெற்றோரால் முடிகிற காரியம்.

பிறவிப் பிளவும் எடுப்பான தாடையும்

உலகில் சுமார் 700 குழந்தைகளில் ஒன்று உதட்டிலோ அண்ணத்திலோ பிளவோடு பிறக்கிறது. கிரகணத்தைப் பார்த்த தாயின் குற்றம் என்று சொல்லும் வழக்கம் எத்தனையோ பெண்களை வாட்டியிருக்கிறது. கருவின் முதல் மூன்று மாதங்களில் முகத்தின் இரு பக்கத் திசுக்களும் சேராமல் போவதே பிளவு. கிரகணத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. உதட்டை 3-லிருந்து 6 மாதத்துக்குள்ளும், அண்ணத்தைப் பெரும்பாலும் 9-லிருந்து 18 மாதத்துக்குள்ளும் சரிசெய்கிறார்கள். அண்ணத்தைத் தாமதித்தால் பேச்சு மூக்கால் வரும், பழகிய பிறகு மாற்றுவது கடினம்.

கொச்சிக்கு வடக்கே திருச்சூரில் இதற்கு ஒரு பெரிய முன்னுதாரணம் உண்டு. 1959-ல் அங்குள்ள ஜூபிலி மிஷன் மருத்துவமனைக்கு வந்த டாக்டர் ஹிர்ஜி அடன்வாலா, தன் ஆசிரியர் சார்லஸ் பின்டோவின் பெயரில் பிளவுச் சிகிச்சை மையத்தை வளர்த்தார். 2020-ல் மறைந்த அவர், தம் வாழ்நாளின் பெரும்பகுதியை இந்தக் குழந்தைகளுக்கே செலவிட்டார். தாடை மிக முன்தள்ளியோ பின்தங்கியோ இருப்பவர்களுக்கு எலும்பை வெட்டி நகர்த்தும் சிகிச்சையும் இருக்கிறது. அது அழகுக்கு மட்டுமல்ல, மெல்லவும் மூச்சு விடவும் தடை இருப்பவர்களுக்கும் செய்யப்படுகிறது. வளர்ச்சி முடிந்த பிறகே செய்வார்கள்.

எர்ணாகுளம் கற்றுக்கொடுத்தது

வலிக்காத நோய்களில் மிகக் கொடியதைப் பற்றி உலகம் அறிந்ததில் ஒரு பங்கு, மட்டாஞ்சேரி அடங்கிய எர்ணாகுளம் மாவட்டத்திலிருந்து கிடைத்தது. மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த டாக்டர் ஃபலி மேத்தாவும், டென்மார்க் நிபுணர் ஜென்ஸ் பிண்ட்போர்கும் தங்கள் குழுவினருடன் 1960களில் ஐந்து மாவட்டங்களில் வீடு வீடாகப் போய் வாயைப் பார்த்தார்கள். எர்ணாகுளம், குஜராத்தின் பாவ்நகர், ஆந்திரத்தின் ஸ்ரீகாகுளம், பீகாரில் அன்றிருந்த தர்பங்கா, சிங்பூம் மாவட்டங்கள். மொத்தம் 50,915 கிராமவாசிகள். முடிவுகள் 1969-ல் வெளியாயின.

வாய்ப் புற்றும், அதற்கு முன்னோடியான வெள்ளைத் திட்டும் ஏறக்குறைய முழுவதும் புகையிலைப் பழக்கம் உள்ளவர்களிடமே இருந்தன. பழக்கத்துக்கு ஏற்ப நோய் வரும் இடமும் மாறியது. சுருட்டின் எரியும் முனையை வாய்க்குள் வைத்துப் பிடிக்கும் ஸ்ரீகாகுளத்தில் மேல் அண்ணத்தில் வந்தது. வெற்றிலையோடு புகையிலையை அடக்கிவைக்கும் இடங்களில், அடக்கிய கன்னத்தில் வந்தது. பிறகு எர்ணாகுளம் உள்ளிட்ட மூன்று மாவட்டங்களில் 36,000 புகையிலைப் பழக்கக்காரர்களிடம் பழக்கத்தை விடும்படி தொடர்ந்து எடுத்துச் சொல்லிப் பார்த்தார்கள். 1986-ல் வெளியான முடிவு நம்பிக்கை தந்தது. விட்டவர்களும் குறைத்தவர்களும் கூடினார்கள், புதிய வெள்ளைத் திட்டுகள் கணிசமாகக் குறைந்தன.

புகையிலை சேர்க்காத பாக்கு பாதுகாப்பானது என்று நினைப்பவர்கள் பலர். கன்னத்தின் உட்பகுதி வெளுத்து, தோல் போல் இறுகி, காரம் பட்டால் எரிந்து, வாய் திறப்பது மெல்ல மெல்லக் குறையும் நோய்க்குப் பாக்குதான் முக்கியக் காரணம். எர்ணாகுளத்தில் இந்நோய் கண்ட 66 பேரை 17 ஆண்டுக் காலத்தில் தொடர்ந்து பார்த்தபோது ஐந்து பேருக்குப் புற்று வந்தது. அதாவது 7.6 சதவீதம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-ல் வெளியிட்ட அறிக்கையில், பாக்கு தனியாகவே புற்றை உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தியது. குட்காவுக்குக் கேரளம் 2012-லும் தமிழகம் 2013-லும் தடை விதித்தன. வெற்றிலைப் பெட்டியில் இருக்கும் பாக்குக்கு எந்தத் தடையும் இல்லை.

இறுகிய வாய்க்கு ஆரம்பத்தில் பழக்கத்தை விடுவதும், பயிற்சியும், ஊசி மருந்தும் உதவும். மிகவும் இறுகினால் நார்த் திசுவை வெட்டி விடுவித்து, வேறிடத்துத் திசுவை வைத்து மூட வேண்டும். அதன் பிறகும் பாக்கு தொடர்ந்தால் செய்த சிகிச்சை வீண்.

சந்தேகமான திட்டு அல்லது புண்ணில் சிறு துண்டு வெட்டிப் பரிசோதிப்பதுதான் பயாப்ஸி. மரத்துப்போக ஊசி போட்டுச் சில நிமிடத்தில் முடியும் வேலை. "கத்தி பட்டால் புற்று பரவும்" என்ற நம்பிக்கையால் இதற்கு மறுப்பவர்கள் ஏராளம். பரிசோதனைக்கு எடுக்கும் துண்டால் வாய்ப் புற்று பரவுவதில்லை. மறுத்துவிட்டுக் காத்திருக்கும் மாதங்களில்தான் அது பரவுகிறது. தொடக்கத்திலேயே கண்டால் புண்ணையும் சுற்றியுள்ள சிறிது நல்ல திசுவையும் எடுத்தால் போதுமானதாக இருக்கலாம். முற்றிய பிறகு வந்தால் தாடை எலும்பின் ஒரு பகுதி, கழுத்தில் உள்ள நெறிக்கட்டிகள், சில சமயம் கன்னத் தோல் எல்லாம் போகும். காலிலிருந்து எலும்பை எடுத்துத் தாடையாக அமைக்கும் அளவுக்கு மருத்துவம் முன்னேறியிருக்கிறது. ஆனாலும் பழைய முகம் திரும்புவதில்லை, கதிர்வீச்சும் தேவைப்படும்.

முன்கூட்டியே கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டியதில்லை. திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் 1990களின் நடுவில் தொடங்கிய ஆய்வில், 35 வயதைக் கடந்த ஒரு லட்சத்து 91 ஆயிரம் பேர் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினரின் வாயை மட்டும் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் மூன்றாண்டுக்கு ஒரு முறை வெறும் கண்ணால் பார்த்தார்கள். 2005-ல் முடிவு வெளியானது. புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களில், பார்க்கப்பட்ட பிரிவில் வாய்ப் புற்றுச் சாவு 34 சதவீதம் குறைவு. ஒரு விளக்கும் இரண்டு நிமிடமும் செய்த வேலை இது.

சிகிச்சைக்கு முன்னால்

பல் போன இடத்தில் டைட்டானியத் திருகைத் தாடை எலும்பில் பதித்துப் பல் கட்டும் முறையும் இப்போது பரவலாகிவிட்டது. எலும்பும் டைட்டானியமும் ஒட்டிப் பிணைவதை ஸ்வீடனின் பிரோனமார்க் 1950களில் கண்டார், 1965-ல் முதல் நோயாளிக்குப் பொருத்தினார். கழற்றி மாட்டும் பல் செட் நிற்காதவர்களுக்கு இது உதவும். ஆனால் கட்டுப்படாத சர்க்கரையும் புகைப் பழக்கமும் உள்ளவர்களிடம் தோல்வி அதிகம். அவசரப்பட வேண்டிய சிகிச்சையும் அல்ல.

எந்தச் சிகிச்சையானாலும் மருத்துவரிடம் மறைக்கக் கூடாதவை சில. சர்க்கரை, ரத்த அழுத்தம், இதய வால்வு நோய், கர்ப்பம், மருந்து ஒவ்வாமை. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதைத் தாங்களாகவே நிறுத்தக் கூடாது, இதய மருத்துவரும் பல் மருத்துவரும் பேசி முடிவெடுக்க வேண்டும். எலும்புத் தேய்மானத்துக்கும் எலும்புக்குப் பரவிய புற்றுக்கும் தரப்படும் சில மருந்துகளால், பல் பிடுங்கிய இடம் ஆறாமல் தாடை எலும்பு பட்டுப்போவது 2003 முதல் தெரியவந்திருக்கிறது. முகத்தில் கதிர்வீச்சு பெற்றவர்களும் அதைச் சொல்லியாக வேண்டும்.

சாதாரணமாகப் பல் எடுக்கப் பல் மருத்துவரே போதும். புதைபல், கட்டி, எலும்பு முறிவு என்றால் வாய், முகத் தாடை அறுவையில் மேற்படிப்பு முடித்தவரைப் பார்ப்பது நல்லது. மட்டாஞ்சேரி, கோட்டைக் கொச்சிவாசிகளுக்குத் தெற்கே ஆலப்புழையிலும் கோட்டயத்திலும், வடக்கே திருச்சூரிலும் அரசுப் பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. தமிழகத்தில் சென்னை அரசுப் பல் மருத்துவக் கல்லூரியிலும் இந்தச் சிகிச்சைகள் செய்யப்படுகின்றன.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. மாதத்துக்கு ஒரு முறை நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று, இரு கன்னத்தின் உட்புறம், நாக்கின் இரு ஓரம், நாக்கின் அடிப்பகுதி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். தேய்த்தால் போகாத வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, இரண்டு மூன்று வாரமாகியும் ஆறாத புண், காரணமில்லாமல் ஆடும் பல், கழுத்தில் புதிதாகத் தட்டுப்படும் கட்டி, இவற்றில் எது இருந்தாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். நடு மூன்று விரல்களைச் சேர்த்து நெட்டாக வாய்க்குள் வைக்க முடிகிறதா என்றும் பார்க்க வேண்டும். நுழையவில்லை என்றால் வலிக்கிறதா இல்லையா என்ற கேள்விக்கே இடமில்லை. அன்றே பாக்கை நிறுத்திவிட்டு, அந்த வாரமே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.